புல் காய்ந்தால் வேரைப் பாருங்க!

சர்க்கரை நோயாளியான மாமனார் காலையில் நடப்பதற்காக வீட்டு முன்னால் புல்தரை போட்டிருக்கிறோம். போன ஆவணியில் மழை பெய்தும் அது திட்டுத்திட்டாகக் காய்ந்தது. ‘முழுசும் மாத்தணும், 15,000 ஆகும்’ என்றார் நர்சரிக்காரர்.

காய்ந்த இடத்தை இழுத்துப் பார்த்தேன். பாய் மாதிரி கையோடு வந்தது! அடியில், பிறைபோல் வளைந்த வெள்ளைப் புழுக்கள் வேரைத் தின்றிருந்தன.

அந்தத் திட்டுகளை மட்டும் பெயர்த்து, புழுக்களைப் பொறுக்கி, மண்ணைக் கொத்தி, மக்கிய சாணியெரு கலந்தோம். மதிலோரப் புல்லை மண்ணோடு வெட்டி, இடைவெளியில்லாமல் சாயங்காலம் பதித்தோம். வேர் பிடிக்கும்வரை, இரண்டு வாரம், தினமும் தண்ணீர், யாரும் மிதிக்கவில்லை. வெட்டும்போதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதில்லை.

பணமும் மிச்சம், மாமனார் நடையும் நிற்கவில்லை. தோழிகளே, புல் காய்ந்தால் முதலில் வேரைப் பாருங்க!

- ஒரு வாசகி, கோவை.