பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்யலாமா?

அண்மையில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், அறுபதைக் கடந்த ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். "சாமி, முழு உடல் பரிசோதனையில பி.எஸ்.ஏ.னு ஒண்ணு இருக்காம். எடுக்கலாமா?" மனைவியிடம்கூட அவர் இதைப் பேசவில்லை. சிறுநீரைப் பற்றிப் பேச நம் ஆண்களுக்கு இருக்கும் கூச்சம் நாம் அறிந்ததே.

சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சிறிய சுரப்பி புராஸ்டேட். அது சுரக்கும் ஒரு புரதத்தின் அளவை இரத்தத்தில் கணக்கிடுவதே இப்பரிசோதனை. அளவு கூடினால் புற்றுநோய் என்று பொருளல்ல. வயதாகிச் சுரப்பி வீங்கினாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் கூடும். கூடியவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அளவு சரியாக இருந்தும் நோய் உள்ளவர்களும் உண்டு.

அப்படியானால் பயன் என்ன? ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் 1,60,000-க்கும் அதிகமான ஆண்களை 23 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2025-இல் வெளிவந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்நோயால் வரும் மரணம் 13 விழுக்காடு குறைந்திருந்தது. அதாவது 456 பேரை அழைத்தால் ஒருவர் பிழைக்கிறார். ஒருவர்தானா என்று கேட்கத் தோன்றும். எலும்புவரை பரவிய பிறகே நோயை அறிந்தவர்களுக்கு நோயில்பூசுதல் வழங்கியிருக்கும் நமக்கு அப்படிக் கேட்க மனம் வரவில்லை.

ஆனால் இப்புற்றுநோய் பலருக்கு மிக மெதுவாகவே வளர்கிறது. அதோடு வாழ்ந்து, வேறு காரணத்தால் இறப்பவர்களே அதிகம். தேவையற்ற சிகிச்சையோ சிறுநீர்க் கசிவையும் ஆண்மைக் குறைவையும் தரக்கூடும். கசிவுக்கு வெட்கப்பட்டுக் கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்ட ஒருவரை நாம் வீட்டில் சென்று பார்த்தோம். பிரிட்டனில் 1,643 பேரை 15 ஆண்டுகள் கவனித்து 2023-இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சை பெற்றவர், கதிர்வீச்சு பெற்றவர், முதலில் கண்காணிப்பில் வைக்கப்பட்டவர் என மூன்று பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவே. எனவே ஆரம்ப நிலையில் நோய் தெரிந்தாலும் உடனே கத்தி வைக்க வேண்டும் என்பதில்லை. இப்போது பல இடங்களில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த பிறகே சதைப் பரிசோதனை செய்கிறார்கள்.

அமெரிக்க வல்லுநர் குழு 2018-இல், 55 முதல் 69 வயதினர் மருத்துவரோடு கலந்து பேசி முடிவெடுக்கட்டும், 70-க்கு மேல் வழக்கமான பரிசோதனை வேண்டாம் என்றது. தந்தைக்கோ சகோதரருக்கோ இந்நோய் இருந்திருந்தால் முன்னதாகவே மருத்துவரிடம் பேசுவது நல்லது.

இவையெல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. பேச்சின் முடிவில்தான் அந்தப் பெரியவர், இரண்டு மாதமாகச் சிறுநீரில் இரத்தம் வருவதாக மெல்லச் சொன்னார். இனி செய்யலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை என்று சொல்லி, அன்று மாலையே அவரது மனைவியையும் அழைத்துப் பேசினோம். மறுநாள் இருவரும் சிறுநீரக மருத்துவரைப் பார்க்கச் சென்றார்கள்.