சாம்பலில் தேடிய உண்மை

1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25. கிறிஸ்து பிறப்பு விழாவின் மணியோசை ஓய்ந்த இரவு. வேளாங்கண்ணித் திருத்தலம் அமைந்துள்ள அதே நாகை வட்டாரத்தில், கீழ்வெண்மணி என்னும் சிற்றூரில் ஒரு குடிசை எரிந்தது. உயிருக்கு அஞ்சி அதனுள் ஒடுங்கியிருந்த 44 பேர் கருகி மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த, நிலமற்ற கூலி மக்கள். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், தங்கள் சங்கத்தை விட்டு விலக மறுத்ததுமே அவர்கள் செய்த பிழை!

இக்கொடுமையைக் 'கூலித் தகராறு' என்று இரண்டே சொற்களில் எழுதி முடிப்பது எளிது. மைதிலி சிவராமன் அவ்வாறு முடிக்கவில்லை. அமெரிக்காவில் பயின்று, ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றித் தாயகம் திரும்பியிருந்த அந்த இளம்பெண், சில வாரங்களுக்குள் கீழ்வெண்மணிக்கே சென்றார். உயிர் தப்பியவர்களின் வாய்மொழியைக் கேட்டார். தஞ்சை வயல்களின் கூலியையும் நிலவுடைமையையும் ஆராய்ந்து எழுதினார்.

1970-இல் கீழ்நீதிமன்றம் நிலக்கிழார்கள் சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. காரும் செல்வமும் உடைய மிராசுதாரர்கள் தாமே நடந்து வந்து தீயிட்டிருப்பார்கள் என்பது நம்பத்தக்கதன்று என்பது அத்தீர்ப்பு கூறிய காரணங்களுள் ஒன்று. அவ்வாண்டிலேயே மைதிலி, 'கீழ்வெண்மணியின் கனவான் கொலையாளிகள்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில், 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' ஏட்டில் எழுதினார். தலைப்பே அத்தீர்ப்பின் மீது தொடுத்த கேள்வியாய் அமைந்தது.

பேனா பிடிக்க விழையும் நம் இளைஞர்க்கு இதில் பாடம் உண்டு. செவிவழிச் செய்தியை நம்பாதே; நிகழ்ந்த இடத்துக்குச் செல். வாய்மொழியை ஏட்டுச் சான்றோடு ஒப்பிட்டுப் பார். குற்றம் சாட்டப்பட்டவரின் மறுமொழியையும் கேள். சாட்சி சொன்ன ஏழை, நீ ஊர் திரும்பிய பின்னும் அதே ஆண்டையின் நிழலில்தான் வாழவேண்டும். அவன் பெயரை வெளியிடுமுன் பன்முறை சிந்தி.

மைதிலி நடுநிலையாளர் அல்லர். உழைப்போர் பக்கம் நின்றவர். பக்கம் சார்தல் தவறன்று. அதற்காக உண்மையை வளைப்பதே தவறு. சார்பு எவ்வளவு வெளிப்படையோ, சான்று அவ்வளவு உறுதியாக இருத்தல் வேண்டும்.

2021-இல் அவர் மறைந்தார். அவர் எழுத்தால் தீர்ப்பு மாறிவிடவில்லை. ஆயினும் அந்த 44 பேரும் வெறும் எண்ணிக்கையாய் மறையாதபடி காத்தோருள் அவரும் ஒருவர். நாளேட்டில் 'தகராறு' என்னும் சொல்லைக் காணும்போதெல்லாம், யாருக்கும் யாருக்கும், எதன் பொருட்டு என்று நம் இல்லங்களில் ஒருமுறை கேட்போமாக!