வலியைச் சொல்லுங்கள், மருந்தைக் கேளுங்கள்

புற்றுநோய் வந்தால் வலி இருக்கத்தான் செய்யும், பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நோயாளியும் நினைக்கிறார், வீட்டாரும் நினைக்கிறார்கள். அது தவறு. பெரும்பாலோரின் வலியை மருந்தால் கட்டுப்படுத்த முடியும். வலி நிவாரணமும் சிகிச்சைதான். அதைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

வலி மருந்து ஏன் எளிதில் கிடைப்பதில்லை?

கடும் வலிக்கு முக்கியமான மருந்து மார்ஃபின். அதன் மூலப்பொருளான அபினைச் சட்டப்படி விளைவிக்கும் நாடு இந்தியா. ஆனாலும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, பல உரிமங்கள் வாங்கும் அலைச்சலுக்கும் தண்டனைக்கும் பயந்து மருத்துவமனைகள் அதை வைத்திருப்பதையே குறைத்துக்கொண்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகளை எளிதாக வாங்கலாம். சட்டம் மாறினாலும் தயக்கம் முழுதாகப் போகவில்லை.

வீண் பயம், உண்மையான கவனம்

மார்ஃபின் சாகும் தறுவாயில் மட்டும் தரும் மருந்து அல்ல. வலி கடுமையானால் எந்தக் கட்டத்திலும் தரலாம். டாக்டரின் கண்காணிப்பில் வலிக்காக எடுப்பவர் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ திடீரென நிறுத்தவோ வேண்டாம். மதுவோடு சேர்த்து எடுக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். மிஞ்சியதை மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். எழுப்பியும் எழாத மயக்கம், மூச்சு மந்தமாதல் தெரிந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

என்ன செய்யலாம்?

* வலி எங்கே, எப்போது, பூஜ்யம் முதல் பத்துக்குள் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு போங்கள்.
* "இங்கே நோய் ஆதரவுச் சிகிச்சைப் (palliative care) பிரிவு உண்டா? மார்ஃபின் இல்லையென்றால் எங்கே கிடைக்கும்?" என்று நேரடியாகக் கேளுங்கள்.
* தமிழ்நாட்டில் படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய் ஆதரவுச் சிகிச்சை தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.
* இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்க வேண்டுமானால் சிகிச்சைப் பதிவுகளைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி.
* உங்கள் வலியை அலட்சியப்படுத்தினால் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் குறை என்றால், இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, ஸ்கேன் முடிவை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். இரவில் தூங்க முடிகிறதா என்பதையும் சொல்லிவிட்டு எழுங்கள்.