புகை தெரியும் திசையில் குதிரையைத் திருப்பு: 'கோஸ்ட் ஒஃப் சுஷிமா' விளையாட்டும் போரைக் கண்டவர்களின் பார்வையும்

'கோஸ்ட் ஒஃப் சுஷிமா' என்ற வீடியோ கேம் 2020 ஜூலை 17ஆம் திகதி பிளேஸ்டேஷன் 4 கருவிக்காக வெளியானது. உலகம் முழுவதும் கொரோனாவால் வீட்டுக்குள் முடங்கியிருந்த காலம் அது. முதல் மூன்று நாட்களில் மட்டும் 24 இலட்சம் பிரதிகள் விற்பனையாகின. 2024ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை ஒரு கோடியே 30 இலட்சத்தைத் தாண்டியது. 2020இன் 'த கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த கலை இயக்கத்துக்கான விருதும், விளையாடுவோர் தாமே வாக்களித்துத் தெரிவுசெய்யும் விருதும் இதற்குக் கிடைத்தன. 2025 ஒக்டோபரில் இதன் அடுத்த படைப்பான 'கோஸ்ட் ஒஃப் யோத்தேய்' வந்த பின்னரும் முதல் விளையாட்டைப் பற்றிய பேச்சு ஓயவில்லை.

விளையாடியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் முதலில் வரும் சொல் 'அழகு'. நானும் விளையாடினேன். அந்தச் சொல்லை மறுக்க முடியவில்லை. ஆனால் இது ஒரு தீவு ஆக்கிரமிக்கப்படும் கதை. எரிந்த கிராமங்களும், இடம்பெயர்ந்து கோயில்களில் தங்கியிருக்கும் மக்களும் இதில் உண்டு. வன்னியில் வளர்ந்த ஒருவனுக்கு அழகு என்ற சொல்லோடு அதைக் கடந்துவிட இயலாது. ஆகவே இந்த விளையாட்டு எப்படி இயங்குகிறது, விளையாடியவர்கள் எதைப் பாராட்டுகிறார்கள், எதைக் குறை சொல்கிறார்கள், நம்மைப் போன்றவர்களுக்கு அதில் என்ன தெரிகிறது என்பதை எழுதிப் பார்க்கிறேன்.

திறந்த உலகம் என்றால் என்ன?

பழைய வீடியோ கேம்களில் ஒரு கட்டத்தை முடித்தால்தான் அடுத்த கட்டம் திறக்கும். திறந்த உலக விளையாட்டு அப்படியல்ல. ஒரு பெரிய நிலப்பரப்பு முழுவதும் நம் முன்னே விரிந்து கிடக்கும். எங்கே போவது, யாரைச் சந்திப்பது, எந்த வேலையை முதலில் செய்வது என்பதை விளையாடுபவரே முடிவு செய்யலாம். கதையை அப்படியே விட்டுவிட்டு ஒரு மலையுச்சியில் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

கோஸ்ட் ஒஃப் சுஷிமாவை உருவாக்கியது அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்திலுள்ள சக்கர் பன்ச் நிறுவனம். கதைக்களம் யப்பானுக்கும் கொரியாவுக்கும் இடையில் உள்ள சுஷிமா தீவு. காலம் 1274. மொங்கோலியப் படை கரையிறங்குகிறது. எண்பது சாமுராய் வீரர்கள் கொமோதா கடற்கரையில் அதை எதிர்கொண்டு அழிகிறார்கள். உயிர் தப்பும் ஜின் சக்காய் என்ற இளைஞனாக நாம் விளையாடுகிறோம். தந்தையை இழந்த அவனை வளர்த்தவர் மாமா ஷிமுரா பிரபு. 'எதிரியின் கண்ணைப் பார்த்து நேருக்கு நேர் நின்று போரிடு' என்பதே அவர் கற்பித்த ஒழுக்கம். ஆனால் அந்த ஒழுக்கத்தை முன்கூட்டியே படித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறான் எதிரித் தளபதி கொத்துன் கான். முறைப்படி தனிச்சமருக்கு அழைத்த சாமுராயின் மேல் மதுவை ஊற்றி எரிக்கிறான். எனவே ஜின் மறைந்திருந்து தாக்கவும், பின்னாலிருந்து குத்தவும், கடைசியில் நஞ்சைப் பயன்படுத்தவும் தொடங்குகிறான். மக்கள் அவனை 'பேய்' என்று கொண்டாடுகிறார்கள். மாமாவோ அவனை ஒழுக்கம் கெட்டவன் என்கிறார். மருமகனுக்கும் மாமாவுக்கும் இடையிலான இந்த விரிசல்தான் கதையின் முதுகெலும்பு.

காற்றே வழிகாட்டி

விளையாடுவோர் அதிகம் பாராட்டுவது காற்றை. இத்தகைய விளையாட்டுகளில் திரையின் ஒரு மூலையில் சின்ன வரைபடம் இருக்கும். அம்புக்குறி எங்கே காட்டுகிறதோ அங்கே போவோம். பல மணி நேரம் விளையாடினாலும் பார்த்துக்கொண்டிருப்பது அந்த மூலையைத்தான். சக்கர் பன்ச் அந்த வரைபடத்தை எடுத்துவிட்டது. கையிலுள்ள கருவியின் தொடுபரப்பில் விரலை மேல்நோக்கித் தடவினால் காற்று எழும். புல் சாயும், இலைகள் பறக்கும். காற்று வீசும் பக்கம் போனால் சேரவேண்டிய இடம் வரும்.

இதனால் கண் திரையின் மூலையை விட்டு நிலத்துக்குத் திரும்புகிறது. வெள்ளைப் பூக்கள் நிறைந்த வெளிகள், பொன்னிற மரங்கள் சூழ்ந்த கோயில், செந்நிறக் காடு, வடக்கே பனி. மஞ்சள் பறவை ஒன்று பறந்து வந்து மறைந்திருக்கும் இடங்களைக் காட்டும். நரி ஒன்று முன்னே ஓடிச் சிறு கோயிலுக்கு அழைத்துச் செல்லும். வெந்நீர் ஊற்றில் இறங்கி யோசிக்கலாம், ஓரிடத்தில் உட்கார்ந்து ஹைக்கூ கவிதை அமைக்கலாம். திரைப்பட மேதை அகிரா குரோசாவாவின் பெயரில் கறுப்பு வெள்ளைக் காட்சி முறை ஒன்றும் உண்டு. யப்பானின் பிரபல கேம் சஞ்சிகையான 'ஃபமிட்சு' நாற்பதுக்கு நாற்பது புள்ளிகள் வழங்கியது. வெளிநாட்டவர் செய்த யப்பானியக் கதைக்கு அது பெரிய அங்கீகாரம்.

குறைகளும் உண்டு

முப்பது, நாற்பது மணி நேரம் போனபின் அலுப்புத் தட்டுகிறது என்று பலர் சொல்கிறார்கள். நியாயமான குறைதான். முதல் நரி மகிழ்ச்சி தரும். இருபதாவது நரியின் பின்னால் ஓடும்போது அது ஒரு வேலையாகிவிடுகிறது. முகாமுக்குப் போ, காவலர்களைக் கொல், கைதிகளை விடுவி என்ற அதே சுற்றுத் திரும்பத் திரும்ப வருகிறது. சண்டையில் கமரா சரியான பக்கம் திரும்பாமல் எதிரி மறைந்துவிடுவது இன்னொரு முறைப்பாடு. ஒரே எதிரியின் மீது பார்வையை நிறுத்தும் வசதி முதலில் இருக்கவில்லை. 2021இல் வந்த விரிவாக்கப் பதிப்புடன்தான் சேர்ந்தது.

வரலாறு தெரிந்தவர்கள் வேறு குறைகளையும் சொல்கிறார்கள். ஹைக்கூ என்ற கவிதை வடிவம் இந்தக் கதைக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. மாமா ஓயாமல் பேசும் சாமுராய் அறநெறியும் அந்த உருவில் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டதுதான். 1274இன் வீரனுக்குப் பிற்காலச் சினிமா சாமுராயின் உடையும் மனமும் போர்த்தப்பட்டிருக்கின்றன.

உண்மையில் நடந்தது

கொத்துன் கானும் ஜின் சக்காயும் கற்பனை. படையெடுப்பு உண்மை. 1274இன் பிற்பகுதியில் குப்லாய் கானின் கப்பற்படை கொரியாவிலிருந்து புறப்பட்டு முதலில் சுஷிமாவில் இறங்கியது. தீவின் பொறுப்பாளரான சோ சுகேகுனி ஏறக்குறைய எண்பது வீரர்களுடன் கொமோதாவில் எதிர்த்து நின்று மாண்டார். அவருக்கு அங்கே இன்றும் கோயில் உண்டு. அடுத்து இக்கி தீவு விழுந்தது. அதன் பின்னரே படை கியூஷுவின் ஹகாத்தா வளைகுடாவை அடைந்தது. அங்கிருந்து பின்வாங்கிய மொங்கோலியர்கள் 1281இல் மீண்டும் வந்தார்கள், புயலில் பெரும் அழிவைச் சந்தித்தார்கள். யப்பானின் பாடப்புத்தகங்களில் நிற்பது அந்தப் புயல். ஆனால் புயல் வருவதற்கு முன்பே சுஷிமாவும் இக்கியும் எரிந்து முடிந்திருந்தன. ஆண்கள் கொல்லப்பட்டதையும், பெண்களின் உள்ளங்கைகளைத் துளைத்துக் கயிறு கோத்துக் கப்பலில் கட்டியதையும் அக்காலப் பௌத்தத் துறவி நிச்சிரென் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதை எந்த அளவுக்கு அப்படியே எடுத்துக்கொள்வது என்பது விவாதத்துக்குரியது. ஆனால் சிறு தீவுகளின் சனங்களே முதல் விலையைக் கொடுத்தார்கள் என்பதில் விவாதமில்லை.

விளையாட்டு ஏறத்தாழச் சொல்லாமல் விடும் பக்கமும் ஒன்று உண்டு. அந்தக் கப்பல்களைக் கட்டியவர்கள் கொரியர்கள். பல ஆண்டுகள் மொங்கோலியர்களால் அழிக்கப்பட்டு, பின் அவர்களுக்கே கப்பல் கட்டிக் கொடுக்கவும் படையாகப் போகவும் கட்டாயப்படுத்தப்பட்ட மக்கள். அடுத்த நூற்றாண்டில் சுஷிமா, இக்கி பக்கத்துக் கடற்கொள்ளையர்கள் அதே கொரியக் கரையைச் சூறையாடினார்கள்.

புகை ஓர் அழைப்பா?

இந்த விளையாட்டில் தொலைவில் புகை தெரிந்தால் அங்கே ஏதோ நடக்கிறது என்று பொருள். குதிரையை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். விளையாடுபவருக்குப் புகை ஓர் அழைப்பு. நான் பல தடவை குதிரையை நிறுத்திவிட்டேன். எங்களுக்குப் புகை என்றால் எதிர்த்திசை. எந்தப் பக்கம் எரிகிறதோ அந்தப் பக்கம் போகாதே என்பதுதான் சிறுவயதில் நாங்கள் கற்ற வழிகாட்டல். அதைக் கைவிரல் மறக்க நேரம் எடுத்தது.

எதிரிகள் பிடித்து வைத்திருக்கும் ஊரை மீட்டதும் மக்கள் திரும்பி வருவார்கள். கடை திறக்கும், ஆட்கள் நடமாடுவார்கள். அரை மணி நேரத்தில் மீள்குடியேற்றம் முடிந்துவிடும். விளையாடுவோர் பலருக்கு மிகவும் நிறைவு தரும் தருணம் அதுதான் என்கிறார்கள். எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது, கூடவே ஒரு பொறாமையும் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் தம் காணிக்குத் திரும்பவில்லை. அங்கே கொல்லவேண்டிய காவலர்களின் எண்ணிக்கை திரையில் தெரியும். இங்கே எண்ணவேண்டியது கடிதங்களையும் கச்சேரிக்குப் போன நாட்களையும்.

குதிரையைப் பற்றியும் சொல்லவேண்டும். தொடக்கத்தில் ஒரு குதிரையைத் தெரிந்து அதற்கு நாமே பெயர் வைக்கிறோம். கதையின் ஒரு கட்டத்தில் அது அம்புகளைத் தாங்கிக்கொண்டே ஜின்னைச் சுமந்து சென்று இறந்துபோகிறது. எத்தனையோ மனிதர்கள் சாகும் இந்த விளையாட்டில் தாங்கள் அழுதது அந்த இடத்தில்தான் என்று ஏராளமானோர் சொல்கிறார்கள். யாரும் சிரிக்க வேண்டாம். மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பின்னால் ஓடிவந்த நாயைக் கல்லெறிந்து திருப்பி அனுப்பிவிட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை? மனிதர்களுக்காக அழ நேரமில்லாதவர்கள் பிறகு ஒரு மாட்டை நினைத்து அழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இக்கி தீவில் அவன் யார்?

விரிவாக்கப் பதிப்பில் ஜின் பக்கத்துத் தீவான இக்கிக்குப் போகிறான். என் பார்வையில் முழு விளையாட்டிலும் முதிர்ச்சியான பகுதி இதுதான். சுஷிமாவில் சக்காய் என்ற பெயர் மரியாதைக்குரியது. இக்கியில் அது வெறுப்புக்குரியது. ஜின்னின் தந்தை ஒருகாலத்தில் அங்கே 'கொள்ளையரை ஒடுக்க' வந்து மக்களைக் கொன்று குவித்தவர். அங்குள்ளவர்கள் அவரைக் கசாப்புக்காரன் என்றே நினைவுகூர்கிறார்கள். விடுதலை வீரனாகப் பல மணி நேரம் விளையாடியவர், திடீரெனத் தன் குடும்பப் பெயரை மறைத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

ஒரே போர்வீரன் ஒரு கரையில் நாயகன், இன்னொரு கரையில் கொலைகாரன் என்பது நமக்குப் புதிதல்ல. இந்த நாட்டில் ஒரு தரப்பின் வெற்றி விழா மற்றத் தரப்பின் நினைவேந்தலாக இருக்கிறது. நம் பக்கத்திலும் பேசத் தயங்கும் கதைகள் இருக்கின்றன. ஒரு வீடியோ கேம் அதையெல்லாம் தீர்த்துவிடாது. ஆனால் தந்தையின் செயலை ஜின் கேட்டே ஆகவேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது.

திரைக்கு வெளியே

2020 செப்டெம்பரில் வீசிய சூறாவளியில் உண்மையான சுஷிமாவின் வததுமி கோயிலின் தோரி வாயில் ஒன்று சரிந்தது. திருத்துவதற்கு 50 இலட்சம் யென் கேட்டு இணையத்தில் நிதி திரட்டினார்கள். சேர்ந்ததோ இரண்டு கோடியே 70 இலட்சம் யென்னுக்கு மேல். கொடுத்தவர்களில் பெரும் பங்கினர் இந்த விளையாட்டை விளையாடியவர்கள். 2021இல் அதை உருவாக்கிய நேட் ஃபொக்ஸ், ஜேசன் கொனெல் இருவரையும் சுஷிமா நகரம் தன் சுற்றுலாத் தூதுவர்களாக அறிவித்தது. மறுபக்கமும் உண்டு. சுற்றுலா வருவோரின் மரியாதையற்ற நடத்தையால், வழிபட வருவோர் தவிர மற்றவர்கள் வரவேண்டாம் என்று 2025இல் அதே கோயில் அறிவித்தது.

பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கு ஒன்று. இதற்கு ஐரோப்பாவில் 18 வயது வரம்பு இருக்கிறது. வெட்டும் இரத்தமும், கட்டிவைத்து எரிக்கும் காட்சிகளும் உண்டு. போரை நேரில் கண்டவர்களுக்கு அலறல் ஒலிகள் தாங்க முடியாமல் போகலாம். நிறுத்திவிட்டு எழுந்து போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எரிந்த ஒரு தீவு இன்று உலகம் கொண்டாடும் அழகான காட்சி. அதைச் செய்தவர்கள் அந்தத் தீவைச் சேர்ந்தவர்கள் அல்ல. அங்கே இறந்தவர்களைக் கேட்டு அனுமதி பெறவும் வழியில்லை. நம் கடற்கரைகளையும் ஒருநாள் யாரோ இப்படி வரைவார்கள். பனைகள் அழகாக அசையும், மாலை ஒளி நந்திக்கடலில் விழும். அப்போது புகை தெரிந்தால் எந்தப் பக்கம் ஓடினோம் என்பதைச் சொல்ல நம்முடைய எழுத்தும் குரலும் பதிவாகி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் காற்று எந்தத் திசையில் வீசவேண்டும் என்பதை வரைபவரே தீர்மானித்துவிடுவார்.