பேசாத பிள்ளையின் பல்வலி



நமக்குப் பல்வலி வந்தால் கிராம்பைக் கடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடுவோம். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு "பல்லு வலிக்குதும்மா" என்று சொல்லத் தெரியாது. தலையைச் சுவரில் மோதும், கையைக் கடிக்கும், சோற்றைத் தள்ளிவிடும், ராத்திரி தூங்காது. நாம் பிடிவாதம் என்போம். லயத்தில் யாராவது காத்துக்கறுப்பு என்பார்கள். திருநீறு போடுங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் வாயைத் திறந்து பாருங்கள்.

ஓட்டிசம் பைத்தியம் அல்ல, வளர்ப்புக் குறையும் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. 2009இல் வெளியான நம் நாட்டு ஆய்வொன்றில், 18 முதல் 24 மாதப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்று கண்டார்கள். இவர்களுக்குச் சத்தம், வெளிச்சம், ருசி, தொடுகை எல்லாம் வேறு மாதிரிப் படும். நமக்குக் குளிர்ச்சியாக இருக்கிற பற்பசை அதுக்கு மிளகாயாக எரியலாம். அதனால்தான் பிரஷ்ஷைக் கண்டதும் ஓடுகிறது.

நாலு பேர் பிடித்து அமுக்கி விளக்காதீர்கள். அன்றோடு வாயைத் திறக்காது. பின்னால் நின்று தலையை உங்கள் நெஞ்சில் சாய்த்து, மெல்லிய சிறிய பிரஷ்ஷால் முதல் நாள் உதட்டை மட்டும் தொடுங்கள். மறுநாள் முன்பல், பத்து எண்ணும் வரை. தினமும் அதே இடம், அதே நேரம். ஃபுளோரைட் உள்ள பற்பசை, மூன்று வயதுக்குமேல் பட்டாணி அளவு போதும். எரிந்தால் வேறு ருசியில் வாங்குங்கள். அதுவும் ஆகாவிட்டால் வெறும் பிரஷ்ஷாவது படட்டும். கரியும் செங்கல்தூளும் வேண்டாம். ராத்திரி விளக்குவதை விடவே கூடாது, தூங்கும்போது எச்சில் குறைந்து பல் சீக்கிரம் சொத்தையாகும்.

அழுகையை அடக்க டொபி, பிஸ்கட், சீனி போட்ட தேத்தண்ணி என்று நாள் முழுக்கக் கொடுப்பதுதான் நம் பக்கத்துப் பெரிய கேடு. எனக்குத் தெரிந்த ஒரு பதினைந்து வயதுப் பையன் ஒரு மாதம் கன்னத்திலேயே அடித்துக்கொண்டிருந்தான். பார்த்தால் இரண்டு கடவாய்ப்பல் வேர்வரை போயிருந்தது. வலிப்புக்கு ஃபெனிடோயின் குடிக்கிற பிள்ளைக்கு முரசு வீங்கலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடப் பல் கிளினிக் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைத்தான் பார்க்கும். வீட்டோடு இருக்கிற பிள்ளை விட்டுப்போகும். ஆகவே வலி இல்லாத நாளிலேயே அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்கு ஒருதரம் கூட்டிப்போய், கதிரையில் உட்காரவைத்துவிட்டு வாருங்கள். அன்று பல் பிடுங்க வேண்டாம். ஓட்டிசம் என்று முன்கூட்டியே சொன்னால், கூட்டம் சேருமுன் முதல் ஆளாகப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஒரு பேர் போகுமே என்று யோசிப்பீர்கள், நியாயந்தான். ஆனால் முற்றிய பிறகு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டிவரும். அப்போது பேராதனைப் போதனா பல் வைத்தியசாலை மாதிரிப் பெரிய இடத்துக்கு, வளைவுப் பாதையில் நெரிசல் பஸ்ஸில், வலியோடு கத்துகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் அலைவீர்கள்?

இப்படிப் பிள்ளை உள்ள வீட்டார் தோட்டத்து மிட்வைப்பிடமோ நலன்புரி அலுவலகத்திலோ பெயரைப் பதிந்துவிடுங்கள். கடிதம் எழுதித் தருகிறோம்.