குழந்தைத் துணிக்கு நுரையைவிட அலசல் முக்கியம்

"டிடர்ஜென்ட் சேரல போல டாக்டர். மூணு கம்பெனி மாத்திப் பார்த்துட்டோம்." குழந்தையின் லங்கோட்டை அவிழ்த்தபடி தாய்மார்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தொடையிலும் பின்புறத்திலும் தோல் உரிந்து ரத்தச் சிவப்பாக இருக்கும். கேட்டால், பத்து நாளாக இப்படித்தான் என்பார்கள். அந்தப் பத்து நாளில் பவுடர், தேங்காய் எண்ணெய், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த களிம்பு எல்லாம் போட்டாயிற்று. காணொளி பார்த்து வீட்டிலேயே காய்ச்சிய 'இயற்கை' சலவைத் திரவமும் இப்போது இந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டிடர்ஜென்டால் வரும் உண்மையான ஒவ்வாமை, பெற்றோர் நினைப்பதைவிட மிகக் குறைவு. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தோல் புண்ணாவது ஈரத்தால். சிறுநீரும் மலமும் சேர்ந்து நெடுநேரம் தோலில் படிந்திருப்பதால். அந்தக் கலவையில் காரத்தன்மை ஏறும்போது மலத்தில் உள்ள நொதிகள் தோலை அரிக்கத் தொடங்குகின்றன. நான்கு மணி நேரம் நனைந்த துணியோடு குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு, சலவைத் தூளை மாற்றி என்ன பயன்?

வீட்டில் செய்தால் பாதுகாப்பானதா?

சலவை சோடா, வெங்காரம், துருவிய சோப்பு: காணொளிகளில் வரும் செய்முறைகளில் பெரும்பாலும் இந்த மூன்றும் இருக்கும். கடையில் வாங்குவது ரசாயனம், நாமே கலந்தால் இயற்கை என்று எப்படித்தான் நம்புகிறார்களோ தெரியவில்லை. சலவை சோடா கடுமையான காரம். ஆரோக்கியமான தோலோ சற்றே அமிலத்தன்மை உடையது. சரியாக அலசாத துணியில் சோடா தங்கினால், ஏற்கெனவே சிவந்திருக்கும் தோலுக்கு அது எரிகிற தீயில் எண்ணெய்.

வெங்காரம் இன்னும் மோசம். ஒரு காலத்தில் குழந்தைகளின் டயாப்பர் புண்ணுக்கு, வெங்காரத்தின் நெருங்கிய உறவான போரிக் அமிலத்தைத் தூளாகத் தூவினார்கள். உரிந்த தோல் வழியே அது ரத்தத்தில் கலந்து குழந்தைகள் இறந்தார்கள். மருத்துவ உலகம் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டதற்கு அதுதான் காரணம். வாய்ப்புண்ணுக்கு வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவும் வழக்கம் இன்றும் சில வீடுகளில் உண்டு. பாட்டிமார்களின் அனுபவத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால், கைக்குழந்தை உள்ள வீட்டில் வெங்காரமே வேண்டாம். வாய்க்கும் வேண்டாம், துணிக்கும் வேண்டாம்.

பூந்திக்கொட்டை இவற்றைப் போல ஆபத்தானதல்ல. லேசான அழுக்குக்குப் போதும். ஆனால் மலம் பட்ட துணியை அது முழுமையாகச் சுத்தம் செய்யும் என்று நம்பாதீர்கள். காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றிய திரவம் சில நாட்களிலேயே கெட்டுவிடும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

காஸ்டிக் சோடா வாங்கி வீட்டிலேயே சோப்புக் காய்ச்சுபவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன், நிறுத்துங்கள். தவழும் குழந்தை அதை ஒரு வாய் விழுங்கினால் உணவுக்குழாய் வெந்து சுருங்கிவிடும். பிறகு ஒரு வாய்ச் சோற்றுக்காக அந்தக் குழந்தை வருடக்கணக்கில் சிகிச்சைக்கு அலைய வேண்டியிருக்கும். அப்படி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். எந்தச் சலவைத் திரவத்தையும் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

'கிருமி சாகட்டும்' என்று

கடைசி அலசலில் இரண்டு மூடி கிருமிநாசினி விட்டால்தான் பல வீடுகளில் நிம்மதி. அந்தத் துணி அப்படியே காய்ந்து, பிறகு குழந்தையின் வியர்வையிலும் சிறுநீரிலும் நனைந்து தோலை எரிக்கிறது. ஆரோக்கியமான குழந்தையின் துணிக்குக் கிருமிநாசினி தேவையே இல்லை. சலவைத் தூளும், தாராளமான தண்ணீரும், வெயிலும் போதும்.

துணியில் தங்குவது உடலுக்குள் போகாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1967இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ஒரு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் திடீரென வியர்த்துக் கொட்டி மூச்சிரைத்தார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். காரணத்தைத் தேடியபோது சலவைக்கூடத்தில் அகப்பட்டது. பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் துணிகளில் சேர்த்த ஒரு மருந்தில் பென்டாகுளோரோபீனால் இருந்தது. அது டயாப்பரிலிருந்தும் விரிப்பிலிருந்தும் தோல் வழியே உடலுக்குள் போயிருந்தது.

பிளீச்சிங் பவுடரின் ஆபத்து வேறு வகை. சிறுநீர் ஊறிய துணியில் நேரடியாகப் போட்டால் குளோரமின் வாயு வரும். வினிகரோடோ கழிவறை அமிலத்தோடோ சேர்ந்தால் குளோரின் வரும். இரண்டும் நுரையீரலைத் தாக்கும்.

பீரோவில் இருக்கும் வெள்ளை உருண்டை

சலவையைவிட எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். பிறந்த குழந்தையைப் பழைய, மெத்தென்ற பருத்திப் புடவையில் சுற்றுவது நம் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் அந்தப் புடவை எங்கிருந்து வருகிறது? வருடக்கணக்கில் பாச்சை உருண்டையோடு பெட்டியில் இருந்து, துவைக்காமலேயே வெளியே வருகிறது. உருண்டையில் இருப்பது நாப்தலின். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். குழந்தை வெளிறும், மஞ்சள் கண்ணில் ஏறும், சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும். மஞ்சள் மிக அதிகமானால் மூளையைப் பாதிக்கும்.

1963இல் கிரேக்க மருத்துவர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட 21 பச்சிளம் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். உருண்டையை யாரும் விழுங்கவில்லை. அறையிலும் துணியிலும் இருந்த வாசனையை மூச்சில் இழுத்ததே போதுமாக இருந்தது. எண்ணெய் தேய்த்த உடம்பில் நாப்தலின் இன்னும் சுலபமாக உள்ளே போகும். எண்ணெய்க் குளியலுக்குப் பின் பெட்டியிலிருந்து எடுத்த துணியில் சுற்றினால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள். ஜி6பிடி குறைபாடு ஆண் குழந்தைகளிடம் அதிகம். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரத்தப் பரிசோதனையில் தெரியும்.

எதைப் போட்டுத் துவைப்பது?

'குழந்தைகளுக்கானது' என்று விலை கூட்டி விற்கும் திரவம்தான் வேண்டும் என்பதில்லை. வாசனையும் நிறமும் குறைந்த சாதாரண டிடர்ஜென்ட் போதும், அளவைக் குறையுங்கள். நொதி சேர்ந்த தூளைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நன்றாக அலசினால் அது துணியில் நிற்காது.

முதலில் மலத்தைப் பச்சைத் தண்ணீரில் தனியாகக் கழுவிவிடுங்கள். வெந்நீரை முதலிலேயே ஊற்றினால் கறை இறுகும். பிறகு துவைத்து, குறைந்தது மூன்று முறை அலசுங்கள். அலசிய துணியை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். நுரை வந்தால் இன்னும் சோப்பு இருக்கிறது. போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்புக் கட்டி திரிந்து, வெள்ளைப் படிவமாகத் துணியில் ஒட்டும். அங்கே டிடர்ஜென்ட்தான் மேல். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் பிடித்து வையுங்கள். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் துணி டயாப்பருக்கு ஆகாது. அது இழையில் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் கெடுத்துவிடும். புதுச் சட்டையையும் ஒருமுறை துவைத்த பிறகே போடுங்கள்.

துணி ஊறும் வாளியை மூடி வையுங்கள், அல்லது உயரத்தில் வையுங்கள். நடை பழகும் குழந்தை மூழ்க ஒரு சாண் தண்ணீர் போதும்.

களிம்பை யார் எழுதிக் கொடுத்தது?

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018லேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. டயாப்பருக்குள் மூடிய தோல் ஸ்டீராய்டை ஏராளமாக உறிஞ்சும். இரண்டு நாளில் சிவப்பு மறையும். பூஞ்சை உள்ளே பரவும். தொடர்ந்தால் தோல் மெலியும், குழந்தையின் முகம் உப்பும், வளர்ச்சி தடைபடும். தொடை மடிப்புக்குள் சிவந்து, சுற்றிலும் சிறு சிறு பொரிகள் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

நனைந்த துணியை உடனே மாற்றுங்கள். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, சிறிது நேரம் காற்றாட விடுங்கள். துத்தநாகக் களிம்பை மட்டும் கனமாகத் தடவுங்கள். மூன்று நாளில் ஆறவில்லை என்றாலோ, கொப்புளம், சீழ், காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காதீர்கள். பத்தாவது நாள் வரும் தாயிடம் நான் கெஞ்சுவது இதற்காகத்தான்: மூன்றாவது நாளே வாருங்கள் அம்மா. கண்ணில் மஞ்சள் தெரிந்தால் அன்றைக்கே வாருங்கள். பேறுகாலத்துக்கு நாள் நெருங்கும் வீடுகளில், பீரோவில் உள்ள பாச்சை உருண்டைகளை இப்போதே எடுத்துவிடுங்கள். குழந்தைக்கென எடுத்து வைத்த துணிகளைத் துவைத்து, வாசனை முழுதும் போகும்வரை வெயிலில் போடுங்கள். போகவில்லை என்றால் அந்தத் துணி குழந்தைக்கு வேண்டாம்.