எந்திரம் பழகுவோம் – 6: சூட்டில்தான் பழகும்

புது எந்திரத்தை மெல்ல ஓட்டித்தான் பழக்க வேண்டும் என்பது நம் ஊர்களில் எழுதப்படாத சட்டம். வண்டி வாங்கிய அன்றே மெக்கானிக்கும் சொல்வார், வீட்டுப் பெரியவரும் சொல்வார்: முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு முறுக்காதே. நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரேடியோ கன்ட்ரோல் காரின் சிறு எந்திரத்துக்கும் இதே அறிவுரையைப் பொருத்துகிறார்கள். காரைச் சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து, எரிபொருளைத் தாராளமாகத் திறந்துவிட்டு, நாலைந்து டேங்க் தீரும்வரை ஐட்லிங்கிலேயே ஓடவிடுகிறார்கள். இது எந்திரத்தைக் காப்பதில்லை, தேய்க்கிறது. கோலார் தங்கவயலின் ஊரிகம் போன்ற உயரமான, தூசி மிகுந்த ஊரில் இந்தத் தேய்மானம் இன்னும் வேகமாக நடக்கும்.

காரணம் எந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 2.5 முதல் 3.5 சிசி வரையுள்ள இந்த டூ ஸ்ட்ரோக் எந்திரங்களில் பெரும்பாலானவற்றின் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. சிலிக்கன் கலந்த அலுமினியப் பிஸ்டன், உட்புறம் குரோமியம் பூசிய பித்தளை ஸ்லீவுக்குள் ஏறி இறங்குகிறது. அந்த ஸ்லீவ் சீரான குழாய் அல்ல. கீழே அகலம், மேலே நூலளவு குறுகல். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்தால், பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் கயிறு 'நக்' என்று நின்றுவிடும். புதியவர்கள் இதைப் பழுது என்று எண்ணிப் பயப்படுவார்கள். பழுதல்ல, வேண்டுமென்றே வைத்த இறுக்கம். எந்திரம் சூடேறும்போது பித்தளை, பிஸ்டனின் உலோகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக விரியும். எரிதல் நடக்கும் மேல்பகுதி அதிகம் சூடாவதால் அங்கே விரிவும் அதிகம். குறுகல் நிமிர்ந்து, பிஸ்டனுக்குச் சரியான வழி கிடைக்கிறது. அந்தச் சூடு வராமல் ஓடுகிற ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் குறுகலில் மோதி உரசுகிறது. அதை இழுத்து இறக்கும் கனெக்டிங் ராடு வீணாகப் பாரம் தாங்குகிறது.

எரிபொருளை அதிகமாக விட்டால் எந்திரம் ஏன் குளிர்கிறது? எரிபொருளின் பெரும்பகுதி மெத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ மெத்தனாலுக்கு 6.5 கிலோ காற்றே போதும். ஆகவே அதே காற்றுக்கு இரு மடங்குக்கும் மேலான மெத்தனால் உள்ளே போகிறது. அது ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பமும் கிலோவுக்குப் பெட்ரோலைவிட மூன்று மடங்கு. இரண்டையும் சேர்த்தால், உள்ளே வரும் காற்றை மெத்தனால் பெட்ரோலைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு குளிர்விக்கிறது. இதற்கு மேல் எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடிலையும் திறந்துவிட்டு, பாரமில்லாமல் ஐட்லிங்கில் விட்டால் சிலிண்டர் ஹெட் 60, 70 டிகிரி செல்சியஸைத் தாண்டத் திணறும். எந்திரத்துக்கு வேண்டியதோ குறைந்தது 90 டிகிரி.

பெரியவர்களின் அனுபவம் பொய்யா என்று கேட்கலாம். பொய்யல்ல, அது வேறு எந்திரத்தின் அனுபவம். மைசூரில் 1961 முதல் 1996 வரை தயாரான ஜாவா, எஸ்டி வண்டிகளும் டூ ஸ்ட்ரோக்தான். ஆனால் அவற்றில் வார்ப்பிரும்புச் சிலிண்டர், ரிங் போட்ட அலுமினியப் பிஸ்டன். அங்கே சூடேறினால் பிஸ்டன் சிலிண்டரைவிட அதிகம் விரிந்து இறுகும். புது வண்டியை விரட்டினால் சீஸ் ஆகும். மெல்ல ஓட்டு என்ற அறிவுரை அந்த உலோகங்களுக்கு முற்றிலும் பொருத்தம். இங்கே உறவு தலைகீழ்: சூட்டில் தளரும், குளிரில் இறுகும். உலோகம் மாறியபின் அறிவுரை மட்டும் மாறாமல் நிற்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: எரிபொருளோடுதான் எண்ணெயும் வருகிறது, எரிபொருளைக் குறைத்துச் சூடேற்றினால் எண்ணெயும் குறையுமே? உண்மை. இந்த எந்திரத்துக்குத் தனி ஆயில் கிடையாது. எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெயும் செயற்கை எண்ணெயும்தான் அதன் உயிர். அதனால்தான் நீடிலை இறுக்கிச் சூடேற்றக் கூடாது. எரிபொருளைச் சற்றுத் தாராளமாகவே வைத்துக்கொண்டு, சூட்டை வெளியிலிருந்து கொடுக்கவும் உள்ளே தேக்கவும் வேண்டும். ஊரிகத்துக்கு இது புதிய பாடமல்ல. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வரும்வரை தங்கவயல் சுரங்கங்களின் பெரும் எந்திரங்கள் நீராவியில் ஓடின. நீராவி எந்திரத்தைக் குளிர்ந்தபடியே பாரத்தில் போடுவதில்லை. சிறிது நீராவி விட்டுச் சிலிண்டரைச் சூடாக்கி, உள்ளே குளிர்ந்து நிற்கும் நீரை வடித்த பிறகே வேலைக்கு விடுவது முறை. நீர் நசுங்காது, சிலிண்டரைத்தான் உடைக்கும். நைட்ரோ எந்திரத்தில் எரிபொருள் அதிகம் புகுந்து தேங்கினாலும் இதே ஆபத்து. கயிறு நகரவில்லை என்றால் பலம் காட்டாமல், பிளக்கைக் கழற்றிச் சுழற்றி எரிபொருளை வெளியேற்ற வேண்டும்.

செய்முறை எளிது. ஹேர் டிரையரால் ஹெட்டை 60 டிகிரிக்கு மேல் சூடாக்குங்கள். க்ளோ பிளக்கை இக்னைட்டரில் பொருத்திப் பாருங்கள். பிளாட்டினக் கம்பிச் சுருள் நல்ல ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். கயிற்றை முழு நீளம் இழுக்காமல் சிறு சிறு இழுப்பாக இழுங்கள். எந்திரம் பிடித்ததும் இக்னைட்டரை எடுத்துவிடலாம்; மெத்தனால் ஆவி பட்டுப் பிளாட்டினம் தானே சூடு காக்கும். உடனே காரைத் தரையில் விட்டு, பாதி த்ராட்டிலுக்கு மேல் போகாமல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். அகச்சிவப்பு வெப்பமானியால் பிளக்கின் அடிப்பகுதியைப் பார்த்தால் 90 முதல் 100 டிகிரி காட்ட வேண்டும். குறைந்தால் ஹெட்டின் ஒரு பகுதியை அலுமினியத் தாளால் மூடுங்கள். சைலன்சரிலிருந்து தெளிவான வெண்புகை வந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்று நிமிடத்தில் எரிபொருள் குழாயை அழுத்தி நிறுத்தி, ஃப்ளைவீலைத் திருப்பிப் பிஸ்டனைக் கீழே இறக்குங்கள். மேலேயே விட்டால் ஆறும் ஸ்லீவ் சுருங்கிப் பிஸ்டனைக் கவ்வும். முழுதாக ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நேரம் கூட்டி, நாலைந்து டேங்க் முடிந்ததும் நீடிலைச் சிறிது சிறிதாக இறுக்கலாம்.

ஊரிகத்தில் இரண்டு எச்சரிக்கைகள் கூடுதல். இவ்வூர்ப் பகுதி கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 850 மீட்டர் மேலே இருப்பதால் காற்றின் அடர்த்தி சென்னையைவிடச் சுமார் 8 விழுக்காடு குறைவு. காற்று குறைகிற அளவுக்கு எரிபொருள் குறைவதில்லை. சென்னையில் சரியாக வைத்த நீடில் இங்கே எரிபொருளை அதிகம் விடும், எந்திரம் சூடேறாது. அடுத்தது தூசி. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டாலும், பொன் பிரித்தபின் கொட்டிய 3 கோடி டன்னுக்கும் அதிகமான கழிவு சயனைடு குன்றுகளாக நிற்கிறது. அதில் பெரும்பங்கு மாவாக அரைத்த படிகக் கல். அந்தத் தூசிதான் தொழிலாளர்களின் நுரையீரலைச் சிலிக்கோசிஸால் அரித்தது. பிஸ்டனின் அலுமினியத்தைவிட அது கடினம். வடிகட்டி இல்லாமல் உள்ளே போனால் இறுக்கம் ஒரே நாளில் போய்விடும். காற்று வடிகட்டியின் பஞ்சில் எண்ணெய் ஊற வைப்பதும், குன்றுகளின் காற்று வீசும் திசையை விட்டு விலகி ஓட்டுவதும் இங்கே கட்டாயம். அந்தத் தூசி உங்கள் மூச்சுக்கும் ஆகாது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் மின்சாரக் கார் வாங்கலாமே என்பவர்களுக்குப் பதில் சுருக்கமானது: வேகம் மட்டும் வேண்டுமென்றால் தாராளமாக வாங்கலாம். உலோகமும் வெப்பமும் எரிபொருளும் ஒன்றோடொன்று எப்படி இணங்குகின்றன என்பதைக் கையில் பிடித்துக் கற்க இந்தச் சிறு எந்திரத்தைப் போல் வேறு ஆசான் அரிது. ஆனால் அதன் எரிபொருள் விஷம் என்பதை மறக்கக் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததும் இதே மெத்தனால்தான். அது தோல் வழியாகவும் உடலில் ஏறும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள், கையுறை போட்டுக் கையாளுங்கள். நைட்ரோ விழுக்காடு கூடிய எரிபொருளுக்குச் செலவழிக்கும் முன் ஒரு வெப்பமானி வாங்குங்கள். புது எந்திரத்தின் ஆயுளை முடிவு செய்வது அதில் தெரியும் எண்தான்.

(தொடரும்)